ஓய்வுக்காலக் கால்குலேட்டர்கள்: விடையைவிடச் செலவுக் கட்டமே முக்கியம்

பணி ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் பலர் முதலில் திறந்து பார்ப்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓய்வுக்காலக் கால்குலேட்டரைத்தான். வங்கிகள், பரஸ்பர நிதி நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் எனப் பலரும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். ஆர்வலர்கள் தாமே உருவாக்கி வெளியிட்டவையும் உண்டு. எங்கள் ஓய்வு நெருங்கிய காலத்தில் நானும் என் மனைவியும் இவற்றில் பலவற்றுக்கு ஒரே விவரங்களைக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். விடைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகி நின்றன. ஏன் விலகுகின்றன என்று தேடிப் பார்த்ததில் கிடைத்த தெளிவையே இந்த மதிப்புரையாக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு தொகையை மட்டும் விடையாகக் காட்டும் கருவியை நம்பி ஓய்வு நாளைக் குறிக்கக் கூடாது. பல எதிர்காலங்களைக் காட்டும் கருவி அவசியம் பயன்படுத்தத் தக்கது. ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும், ‘செலவு’ என்ற கட்டத்தில் நாம் எவ்வளவு யோசித்து எழுதுகிறோமோ அந்த அளவுக்குத்தான் அது உதவும்.

எளிய வகையிலிருந்து தொடங்குகிறேன். இப்போதைய வயது, ஓய்வு பெறும் வயது, எத்தனை வயது வரை வாழ்வோம் என்ற ஊகம், மாதச் செலவு, பணவீக்கம், முதலீட்டின் வருமான விகிதம் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டு, ‘உங்களுக்கு இவ்வளவு தொகுப்பு நிதி தேவை’ என்று ஒரு பெரிய எண்ணை இது திரையில் காட்டுகிறது. இதன் உண்மையான நன்மை, பணவீக்கத்தை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதுதான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். 30 ஆண்டுகளில் 5.7 மடங்காகும். கூட்டு வட்டியைப் பள்ளியில் படித்தவர்கள்கூட இதைத் தம் சொந்த மாதச் செலவோடு பொருத்திப் பார்ப்பதில்லை. அந்த அதிர்ச்சியை வேலையில் இருக்கும்போதே தருகிறது என்பதற்காகவே இந்த வகைக் கருவிக்கு மதிப்பு உண்டு.

அதே கணக்கில்தான் அதன் ஆபத்தும் இருக்கிறது. பணவீக்கத்தை 6 என்பதற்குப் பதிலாக 7 என்று இட்டால், 30 ஆண்டு முடிவில் செலவு 5.7 மடங்கு என்பது 7.6 மடங்காகிவிடும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்வு. இத்தனை பெரிய மாற்றத்தை உண்டாக்கும் எண்களைப் பெரும்பாலான கருவிகள் முன்கூட்டியே நிரப்பி, மங்கலான எழுத்தில் வைத்திருக்கின்றன. அவற்றை மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. விடை இன்றைய விலையில் சொல்லப்படுகிறதா, ஓய்வு பெறும் ஆண்டின் விலையில் சொல்லப்படுகிறதா என்பதையும் தெளிவாக எழுதாத கருவிகள் உள்ளன. இந்த ஒரு வரி இல்லாத கருவியை நான் உடனே மூடிவிடுவேன். ஏனென்றால் அதன் விடைக்குப் பொருள் சொல்லவே முடியாது. வருமான விகிதத்தில் கட்டணமும் வரியும் கழிக்கப்பட்டுள்ளனவா என்பதும் அப்படித்தான். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் பணம் 30 ஆண்டுகளில் 10 மடங்காகும். ஒரு சதவீதம் கட்டணமாகப் போனால் அது 7.6 மடங்கில் நின்றுவிடும்.

இவற்றைவிட ஆழமான குறை வேறொன்று. எளிய கால்குலேட்டர் ஆண்டுதோறும் ஒரே வருமானம் வரும் என்று வைத்துக்கொள்கிறது. புதிதாகப் போடாமலும் எடுக்காமலும் பணத்தை அப்படியே விட்டுவைப்பவருக்குக் கூட்டுச் சராசரியே போதும். பணத்தை எடுத்துச் செலவு செய்பவருக்கு, ஏற்ற இறக்கங்கள் வரும் வரிசை முக்கியம். 100 ரூபாய் இருக்கிறது, மூன்று ஆண்டுகளில் ஒருமுறை 20 சதவீத இறக்கமும், ஒருமுறை 10 சதவீத ஏற்றமும், ஒருமுறை 30 சதவீத ஏற்றமும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எதையும் எடுக்காவிட்டால் எந்த வரிசையில் வந்தாலும் கடைசியில் 114.40 ரூபாய் இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் 10 ரூபாய் எடுத்தால், இதே வரிசையில் இறக்கம் முதலில் வந்தவரிடம் 77.10 ரூபாயும், நேர்மாறான வரிசையில் அது கடைசியில் வந்தவரிடம் 87.60 ரூபாயும் மிஞ்சும். மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு வேறுபாடு என்றால், 30 ஆண்டுகளில் அது ஒருவருக்குப் பணம் தீர்வதா, மற்றவருக்கு மிஞ்சுவதா என்பதையே தீர்மானித்துவிடும். ஓய்வுக்கு முன்னும் பின்னும் வரும் சில ஆண்டுகளே மிகவும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று ஆலோசகர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான். எளிய கால்குலேட்டரில் இதற்கான தடயமே இல்லை.

இந்த வரிசைச் சிக்கலை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன். அந்நாட்டில் 1926 முதலான சந்தை வரலாற்றை எடுத்துக்கொண்டு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தீராமல் இருக்க முதலாண்டில் சேமிப்பில் எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்று கணக்கிட்டு, 1994இல் கட்டுரையாக வெளியிட்டார். முதலாண்டில் 4 சதவீதம், அதன் பின் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திய தொகை என்ற பிரபலமான விதி அதிலிருந்து பிறந்தது. ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று பல கால்குலேட்டர்கள் சொல்வது இதன் மறுபக்கம்தான். ஆனால் அது ஒரு நாட்டின் தரவு, பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஒரு குறிப்பிட்ட முதலீட்டுக் கலவை, 30 ஆண்டு என்ற ஒரு குறிப்பிட்ட காலம் ஆகியவற்றுக்கு உரிய முடிவு. பெங்கனே பிற்காலத்தில் அந்த விகிதத்தை உயர்த்திச் சொன்னார். 45 வயதில் ஓய்வு பெற நினைப்பவருக்கும் 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கும் ஒரே 25 மடங்கைப் பரிந்துரைக்கும் கருவியை எந்தத் தயக்கமும் இன்றி ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது வகை, ஆயிரக்கணக்கான கற்பனை எதிர்காலங்களை ஓட்டிப் பார்க்கும் கருவி. இதன் அடிப்படையான மான்டி கார்லோ முறை, கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, தனியாக ஆடும் ஒரு சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணிக்க முயன்றதிலிருந்து உருவானது. சூத்திரத்தால் பிடிக்க முடியாததை, பலமுறை ஆடி எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிப்பதே அதன் வழி. நம் திட்டத்தையும் அவ்வாறே ஆயிரம் முறை ஓட்டி, ‘இவற்றில் 870 முறை பணம் தீரவில்லை’ என்று சொல்வது, ‘இவ்வளவு தேவை’ என்று ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட மிகவும் நேர்மையானது. இந்த வகையைத்தான் நான் பரிந்துரைக்கிறேன்.

ஆனாலும் அதன் விடையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 87 சதவீத வெற்றி என்றால் மீதி 13 சதவீதத்தில் தெருவில் நிற்போம் என்று பொருளல்ல. பணம் குறைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கடைசி வரை அதே அளவு செலவு செய்யும் ஒரு மனிதரை அந்தக் கணக்கு கற்பனை செய்கிறது. உண்மையில் யாரும் அப்படி இருப்பதில்லை. சந்தை சரிந்த ஆண்டில் செலவை ஓரளவு சுருக்குவோம் என்று குறிப்பிட இடம் தரும் கருவிகள் சில உண்டு. அவற்றில் அந்த ஒரு மாற்றமே வெற்றி விகிதத்தைக் கணிசமாக உயர்த்துவதைப் பார்த்தோம். 100 சதவீதத்தைத் துரத்துவது வீண் என்பது என் உறுதியான கருத்து. அதை எட்டுவதற்காக உடல் திடமாக இருக்கும் ஆண்டுகளில் கூடுதலாக உழைத்து, பின்னர் செலவழிக்க வலுவில்லாத வயதில் பெரும் தொகையை வைத்திருப்பது நல்ல திட்டமாகாது.

ஆயுள் குறித்த கேள்வியில் இரு வகைக் கருவிகளுமே அலட்சியமாக இருக்கின்றன. பிறப்பில் கணிக்கப்படும் சராசரி ஆயுளைப் பார்த்து அந்த வயதை எழுதிவிடுகிறவர்கள் பலர். அந்தச் சராசரியில் இளவயது மரணங்களும் சேர்ந்திருப்பதால், 60ஐ எட்டிவிட்டவர் அதைத் தாண்டி வாழவே வாய்ப்பு அதிகம். தம்பதியாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும்: ஒவ்வொருவருக்கும் 90 வயதைத் தொடும் வாய்ப்பு 30 சதவீதம் என்றாலும், இருவரில் ஒருவராவது தொடும் வாய்ப்பு 51 சதவீதம். வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1693இலேயே பிரெஸ்லா நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை அமைத்து, ஆயுள் முழுதும் பணம் தரும் ஆன்யூட்டிக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்று கணக்கிட்டார். அதற்குப் பின் இத்தனை காலம் கழித்து வரும் கருவிகள், தம்பதியின் இரு வயதுகளையும் தனித்தனியே கேட்காமல் ஒற்றை வயதோடு நிறுத்திக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல. ஓய்வூதியமோ ஆன்யூட்டியோ உள்ளவர்கள் அந்த வருமானத்தைத் தனிக் கட்டத்தில் சேர்க்க முடிகிறதா, துணைவருக்கு அது தொடருமா என்று குறிப்பிட முடிகிறதா என்பதைப் பார்த்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனிச் செலவுக் கட்டத்துக்கு வருகிறேன். இந்த மதிப்புரையில் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான். சில கருவிகள் கடைசிச் சம்பளத்தில் 70 அல்லது 80 சதவீதத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. பல கருவிகள் ஒரே ஒரு மாதத் தொகையைக் கேட்டு, அது வாழ்நாள் முழுதும் பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும் என்று கொள்கின்றன. ஓய்வுக்காலம் அவ்வாறு ஒரே சீராக இருப்பதில்லை. அலுவலகப் பயணமும், கடன் தவணையும், ஓய்வுக்கென்று ஒதுக்கிய சேமிப்பும் நின்றுவிடும். மருத்துவக் காப்பீடும், வீட்டுப் பழுதும், பழையதாகிவிட்ட சாதனங்களை மாற்றும் செலவும் வந்து சேரும். ஓய்வுக்கால நிதி ஆய்வாளர் டேவிட் பிளாஞ்சட் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பணவீக்கத்தை நீக்கிப் பார்த்தால் ஓய்வுபெற்றோரின் செலவு நடுப்பகுதியில் மெல்லக் குறைந்து, கடைசி ஆண்டுகளில் மருத்துவத்தால் மீண்டும் ஏறுவதைக் காட்டியது. முதற்பகுதியில் நடமாட்டம் அதிகம், நடுப்பகுதியில் வீடு சார்ந்த வாழ்க்கை, பிற்பகுதியில் பராமரிப்பு என்று நம் பெற்றோரைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்.

ஒவ்வொரு செலவுக்கும் தனிக் கட்டம் கொடுத்து, அது எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடியும் என்று எழுத இடம் தரும் கருவிகள் மிகச் சிலவே. அத்தகைய ஒன்றைப் பயன்படுத்திய பிறகுதான் எங்கள் திட்டத்துக்கு உருவம் கிடைத்தது. ‘பயணம்’ என்று ஒரு வரி எழுத வேண்டுமென்றால், எங்கே, எத்தனை ஆண்டுகளுக்கு, இருவரும் சேர்ந்தா தனித்தனியாகவா என்றெல்லாம் பேசித்தான் ஆக வேண்டும். என் மனைவி இசை கற்க ஆசைப்பட்டது, நான் நெடும் பயணங்களை நினைத்திருந்தது, பிள்ளைகளுக்கு எவ்வளவு வரை உதவுவது என்பதில் எங்களுக்கிடையே இருந்த வேறுபாடு ஆகியவையெல்லாம் அந்த வரிகளை நிரப்பும்போதுதான் வெளியே வந்தன. கணக்கிலும் அது உதவியது. அடிப்படைச் செலவு ஆண்டுக்கு 100, பயணத்துக்கு 25 என்று கொண்டால், 30 ஆண்டுகளும் பயணம் செய்வதாக எழுதினால் மொத்தம் இன்றைய விலையில் 3,750. முதல் 12 ஆண்டுகளுக்கு மட்டும் எழுதினால் 3,300. நடக்கவும் ஏறவும் முடிகிற ஆண்டுகளிலேயே ஆசைகளை நிறைவேற்றிக்கொண்டு, மொத்தத் தேவையையும் 12 சதவீதம் குறைக்க முடிகிறது. ஒற்றைத் தொகை கேட்கும் கருவியில் இந்த வழி கண்ணில் படவே படாது.

நான் பார்த்த எந்தக் கருவியும் நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வாரத்துக்கு 40 மணி நேர வேலை நின்றுவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம் கைக்கு வருகிறது. 20 ஆண்டுகளில் அது 40,000 மணி நேரம். 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு முதிர்வளர்ச்சி ஆய்வு, முதுமையில் உடல்நலத்தோடும் நிறைவோடும் நெருங்கிய தொடர்புடையதாகத் திரும்பத் திரும்பக் காட்டுவது நல்ல உறவுகளை. நண்பர்களோடான நெருக்கமோ, ஒரு கலையில் பிடிப்போ, பொதுப்பணியில் ஓர் இடமோ ஓய்வு பெற்ற மறுநாள் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. பணத்தைப் போலவே அவற்றுக்கும் முன்கூட்டியே சேமிப்பு தேவை. ஆகவே எங்கள் சொந்த விரிதாளில் ஒரு தாளைச் சேர்த்தோம்: ஏழு நாட்கள், ஒவ்வொன்றுக்கும் காலை, பிற்பகல், மாலை. அந்தக் கட்டங்களை நிரப்பிவிட்டு, அவற்றில் பணம் கேட்பவற்றை மட்டும் செலவு வரிகளுக்குக் கொண்டுசென்றோம். வேலையில் இருக்கும்போதே ஒரு நீண்ட விடுப்பில் அந்த வாரத்தை வாழ்ந்து பார்ப்பதும், சில மாதங்கள் திட்டமிட்ட செலவுக்குள் குடும்பத்தை நடத்திப் பார்ப்பதும் எந்தக் கால்குலேட்டரும் தராத சோதனைகள். இரண்டையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டிய சில நடைமுறை விஷயங்களும் உண்டு. விடையைக் காட்டுவதற்கு முன் கைபேசி எண்ணைக் கேட்கும் கருவிகளை நாங்கள் தவிர்த்தோம். அவற்றின் நோக்கம் திட்டமிடல் அல்ல, விற்பனை. நிதித் திட்டம் விற்பவரின் கருவி சொல்லும் பற்றாக்குறையை, எதையும் விற்காத ஒருவரின் கருவியிலும் இட்டுச் சரிபார்ப்பது நல்லது. ஓய்வுக்கு இருபது ஆண்டுகள் இருப்பவருக்கு எளிய கருவியே போதும். சேமிப்பைத் தொடங்க அது தரும் உந்துதல் அவருக்குப் பயன்படும். பத்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெற இருப்பவர்கள் பல எதிர்காலங்களை ஓட்டுகிற, வயதுவாரியாகச் செலவு எழுத இடம் தருகிற கருவியைத் தேடி எடுத்து, துணைவரோடு அருகருகே அமர்ந்து நிரப்ப வேண்டும். உள்ளீடுகளைச் சேமித்துவைக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே கணக்கை உண்மையான செலவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருக்கும். அந்த வசதி இல்லாவிட்டால், நிரப்பிய எண்களையும் விடையையும் தேதியிட்டு அச்செடுத்து வைத்துக்கொள்வதே போதுமானது.