ரைல்ஸ் டியூபா, சிலிக்கான் டியூபா? வீட்டில் டியூப் ஃபீடிங் கொடுப்பவர்களுக்கு

சென்னை பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவின் சர்ஜிகல் கடைகளில் மூக்கு வழி உணவு டியூப் என்று கேட்டால், பெரும்பாலும் பி.வி.சி. ரைல்ஸ் டியூபைத்தான் எடுத்துப் போடுவார்கள். விலை மலிவு, குறுகிய காலத்துக்குப் பொருத்தம். சற்று விறைப்பாக இருப்பதால் உள்ளே செலுத்துவதும், சிரிஞ்சால் இரைப்பை நீரை இழுத்துப் பார்ப்பதும் எளிது. ஆனால் இரைப்பை அமிலத்தில் ஊற ஊற, பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் பொருள் வெளியேறி டியூப் கெட்டிப்படும், மூக்கோரம் புண்ணாகும். அதனால்தான் ஏழு முதல் பத்து நாளில் மாற்றச் சொல்கிறார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாமல் சில வாரமாவது டியூப் தேவைப்படுவோருக்குச் சிலிக்கான் அல்லது பாலியூரித்தேன் டியூப்தான் எங்கள் பரிந்துரை. கவரில் போட்டிருக்கும் கால அளவைப் பொறுத்து நாலு வாரம், அதற்கு மேலும் தாங்கும். இரண்டில் பாலியூரித்தேனுக்கே கூடுதல் மதிப்பெண். சிலிக்கானின் சுவர் தடிமன் என்பதால் அதே அளவு டியூபில் உள்துவாரம் சிறுத்துவிடுகிறது, இழுக்கும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. இரண்டுமே மென்மையானவை, கைடு ஒயர் (டியூபை விறைப்பாக்க உள்ளே செருகும் மெல்லிய கம்பி) இல்லாமல் செலுத்தினால் தொண்டையில் சுருண்டுவிடும். உருவிய ஒயரை, டியூப் உள்ளே இருக்கும்போது திரும்ப நுழைக்கவே கூடாது. பக்கத் துளை வழியாக வெளியே வந்து குத்திவிடும்.

டியூபின் தடிமனைப் பிரெஞ்ச் (Fr) என்ற அளவில் சொல்வார்கள்: பச்சை முனை 14, ஆரஞ்சு முனை 16. தடிமனானது அடைக்காது என்று 16 கேட்கிறார்கள். வீட்டு உணவுக்கு 12 அல்லது 14 போதும்.

டியூப் போடுவது பயிற்சி பெற்ற நர்ஸின் வேலை. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் அடிமுனை: இதுதான் அளவு. போட்டதும் காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் 'புஸ்' சத்தம் கேட்டுவிட்டு, "சரியா இருக்கு சார்" என்று கிளம்பும் ஹோம் நர்ஸிங் சேவைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். டியூப் நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் வரலாம். பக்கவாத நோயாளிக்கு இருமல்கூட வராமல் போகலாம். சிரிஞ்சால் இழுத்த இரைப்பை நீரில் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எடுப்பவருக்கு அந்த எண் ஏறிக் காட்டலாம். நீரே வரவில்லை அல்லது சந்தேகம் என்றால் எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். மூக்கோரம் எத்தனை சென்டிமீட்டர் குறியில் நிற்கிறது என்று எழுதிவைத்து, ஒவ்வொரு வேளைக்கும் முன் பாருங்கள்.

சென்னை வியர்வையில் பிளாஸ்டர் ஒரு நாள்கூட நிற்காது. மூக்கின் எண்ணெய்ப்பசையைத் துடைத்துக் காயவிட்டுத் தினமும் புதிதாக ஒட்ட வேண்டும்.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் வடிகட்டாத ராகிக் கஞ்சியும் சரியாகப் பொடியாகாத மாத்திரையும்தான். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். மாத்திரைகளைத் தனித்தனியே நன்றாகக் கரைத்துக் கொடுங்கள், கஞ்சியில் கலக்காதீர்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை நுணுக்கவே கூடாது, டாக்டரிடம் மாற்று கேளுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீர், கை பொறுக்கும் சூட்டில். அடைத்துவிட்டால் 50 மில்லி சிரிஞ்சால் மெல்லத் தள்ளி இழுங்கள். சின்ன சிரிஞ்சின் அழுத்தம் டியூபைக் கிழித்துவிடும். ஊட்டும்போதும் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும்.

நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால், வயிற்றில் நேராகப் பொருத்தும் பெக் டியூப் பற்றி இரைப்பைக் குடல் மருத்துவரிடம் பேசுங்கள்.