ஏற்காட்டு முகாமில் கவுன்சிலர் வேலை: பல வருட அனுபவம்

ஏப்ரல் மாதம் நெருங்கினால் சர்ச் வாசலில் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "தம்பி, இந்த வருஷம் கேம்ப்புக்குக் கவுன்சிலரா வர்றீங்களா?" அதாவது, கிறிஸ்தவச் சிறுவர் முகாமில் பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ள. பைபிள் ஓரளவு தெரியுமா, கிட்டார் வாசிப்பீர்களா என்றுதான் விசாரிப்பார்கள். இரண்டும் உதவும், சரி. ஆனால் ஏற்காட்டில் நடக்கும் ஒரு சிறுவர் முகாமுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வேலையில் முக்கால்வாசி, ராத்திரி விளக்கணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பகல் பொழுது தானாக ஓடிவிடும். காலை மணி, அமைதி வேளை, டிபன், ஆக்‌ஷன் பாட்டு, வேதபாடம், மனப்பாட வசனம், சாயங்காலம் விளையாட்டு, கடைசி நாள் கேம்ப் ஃபயர். அட்டவணை யாரோ போட்டது. நாம் நம் பத்துப் பிள்ளைகளைத் தொலைக்காமல் இடத்துக்கு இடம் கூட்டிப்போனால் போதும். சம்பளம் கிடையாது. பஸ் செலவு நம்முடையது. சில முகாம்களில் சாப்பாட்டுக்கும் நாமே கட்ட வேண்டும்.

சேலத்திலிருந்து மலையேறும்போதே முதல் பரீட்சை வந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது, எட்டாவது தாண்டுவதற்குள் ஒருவன் வாந்தி எடுப்பான், அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பிளாஸ்டிக் கவர், எலுமிச்சம்பழம், பழைய செய்தித்தாள் மூன்றும் கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். தூத்துக்குடி வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் மே மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்து இறங்குவார்கள். கோடை மழை ஒன்று பெய்தால் போதும், என் போர்வை என்னுடையது இல்லை.

அப்புறம் ராத்திரி. முதல் நாள் எல்லோரும் களைப்பில் தூங்கிவிடுவார்கள். இரண்டாம் நாள்தான் வீட்டு ஞாபகம் வரும். ஒருவன் விசும்ப ஆரம்பித்தால் பக்கத்துப் படுக்கைக்கும் பரவும். "அழாதே, நீ பெரிய பையன்" என்பதெல்லாம் எடுபடாது. எழுந்து உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாயின் பெயர் என்ன என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பேச்சோடு பேச்சாகத் தூங்கிப்போவான். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வழியனுப்பும்போது "பிடிக்கலைன்னா அப்பா உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளை முகாம் முழுக்க அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கும்.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் எல்லா வருடமும் உண்டு, பதினொரு வயதிலும் உண்டு. பத்தரை மணிக்கு எல்லோரையும் எழுப்பிக் கழிவறைக்கு அனுப்புவது என் வழக்கம்; ஒருவனை மட்டும் எழுப்பினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அதையும் மீறி நனைந்தால், காலை மணிக்கு முன் விரிப்பை மாற்றிவிட வேண்டும். அதற்காகவே வீட்டிலிருந்து இரண்டு பழைய விரிப்பு கொண்டுபோவேன். இந்தப் பையன்களில் சிலர் மறுநாள் வேதபாடத்தில் என் பக்கத்திலேயே வந்து உட்காருவார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பைபிளில், சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், பிரசங்கம் இல்லை. புதிய கவுன்சிலர்களுக்கு நான் காட்டும் பகுதி அதுதான்.

எனக்குள்ள பெரிய மனக்குறை கடைசி நாள் கூட்டத்தைப் பற்றி. "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்" என்றதும் எண்ணிக்கை எடுத்து அறிக்கையில் போடுவார்கள். ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான்: "அண்ணா, போன வருஷமே கை தூக்கிட்டேன், இந்த வருஷமும் தூக்கணுமா?" நான் என்ன சொல்ல? இன்னொரு வருடம், வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் நரகத்தைப் பற்றியும், இயேசு ராத்திரியில் திரும்பி வந்தால், காலையில் நீ எழும்போது அம்மா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பாள், நீ மட்டும் விடப்பட்டிருப்பாய் என்றும் ராத்திரிக் கூட்டத்தில் விவரித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். கைகள் நிறைய உயர்ந்தன. அன்று எங்கள் கூடத்தில் ஒருவனும் தனியாகக் கழிவறைக்குப் போகவில்லை. பயத்தில் தூக்கிய கையை விசுவாசம் என்று கணக்கெழுத எனக்கு மனம் வரவில்லை. 1868-இல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் சிறுவர் ஊழியர் ஜோசையா ஸ்பியர்ஸ் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று எழுதி, கூழாங்கல்லும் சிப்பியும் பொறுக்கி வந்து எழுத்துகளை அலங்கரிக்கச் சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்த்தார். பிள்ளைகளிடையே ஊழியம் செய்யும் ஸ்கிரிப்ச்சர் யூனியன் என்ற அமைப்பு நடத்தும் முகாம்களின் முன்கதை அது. அங்கிருந்து இங்கே எப்படி வந்தோமோ!

பிற மதத்துப் பிள்ளைகளும் தோழர்களோடு வருவார்கள். முகாமில் என்ன நடக்கும் என்று அவர்கள் பெற்றோருக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் ராத்திரியில் மனம் திறப்பார்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை; மறைத்தால் தண்டனை உண்டு. சபையின் பேர் கெட்டுவிடும், ஜெபித்துக்கொள்வோம் என்பது அங்கே செல்லாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. "உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று நேர்மையாகச் சொன்னாலும் பிள்ளைகள் பெரும்பாலும் பேசத்தான் செய்கிறார்கள். ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியும் இருவரையும் காப்பாற்றுவது. சந்தேகப்படுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம்.

உடம்பு என்று பார்த்தால், நான்காம் நாள் தொண்டை போய்விடும். திரும்பி வந்ததும் ஒரு நாள் லீவு தூங்குவதற்கே வேண்டும். முன்பெல்லாம் முகாம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு போஸ்ட் கார்டு எழுதுவோம். இப்போது வாட்ஸ்அப், அதுவும் பெற்றோர் எண்ணுக்கு மட்டும். இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன்.

கூப்பிட்டால் போங்கள். அதற்கு முன் நடத்துகிறவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள்: ராத்திரிப் பேச்சாளர் யார்? பெண் பிள்ளைகள் கூடத்தில் எத்தனை அக்காமார் தங்குகிறார்கள்? நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி? பிள்ளைகள் பாதுகாப்பு விதிகளை எழுதி வைத்திருக்கிறீர்களா? இதற்கெல்லாம் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார் பிரதர்" என்பது மட்டும் பதிலாக வந்தால், வேறு முகாம் பாருங்கள்.