லேசிக் செய்து இரண்டு வருடம்: என் கண்ணும் கச்சான் காற்றும்

பார்வையில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. மைனஸ் 5 கண்ணாடியோடு பதினைந்து வருடம் இருந்தவளுக்கு, கொழும்பில் லேசிக் (லேசரால் பார்வையைச் சரிசெய்யும் சத்திரசிகிச்சை) செய்த மறுநாளே சுவர் மணிக்கூட்டின் நொடி முள் தெரிந்தது. நான் எழுத வந்தது வறட்சியைப் பற்றி.

திருகோணமலைக்குத் திரும்பிய மூன்றாம் கிழமை தொடங்கியது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். வறண்ட கண் என்கிறார்கள், ஆனால் தண்ணீராக வழியும். "ஏன் பிள்ளை, அழுதனியோ?" என்று அம்மா கேட்காத நாளில்லை. உறுத்தலுக்குக் கொட்டும் அந்த நீர் கண்ணில் தங்காதாம். லேசிக்கில் கருவிழியின் மேல் மெல்லிய மடலை வெட்டித் திறக்கும்போது நரம்பு நுனிகளும் அறுபடுகின்றன. கண் காய்வதை உணர்ந்து நீர் சுரக்க வைப்பவை அவைதான். பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் சரியாகிவிடும்.

எனக்கு இழுத்தடித்ததற்குப் பாதிக் காரணம் ஊர். மே மாதம் கச்சான் தொடங்கிவிட்டது. (கொறிக்கிற கச்சான் இல்லை; மலை தாண்டி ஈரத்தைத் தொலைத்துவிட்டு வரும் மேல்காற்று.) உட்துறைமுக வீதியால் ஸ்கூட்டியில் போய் இறங்கினால் கண் எரியும். அப்புறம் ஏசிக்குக் கீழே நாள் முழுக்க கணினி. மூன்று மணிக்கு எக்செல் எண்கள் மங்கும், இரண்டு தரம் சிமிட்டினால் தெளியும்.

மீதிப் பாதி நான். பாமசியில் தந்த மலிவான போத்தல் கண்சொட்டு மருந்தை நாளுக்கு எட்டுத் தரம் விட்டேன். கெடாமலிருக்க அதில் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட், அடிக்கடி விட்டால் கண்ணைப் புண்ணாக்கும் என்று வைத்தியர் சொன்னபிறகுதான் தெரியும். நாலு தரத்துக்கு மேல் தேவையென்றால் அது இல்லாத ஒருமுறைக் குப்பிதான் நல்லது. தலையைத் திருகிப் பிய்த்து விடுவது. விலை கூட; இங்கே எல்லா நேரமும் கிடைக்காது, கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் மாதம், கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க, கீழ் இமையில் ஒரு தாள் துண்டைச் செருகி 5 நிமிடம் வைத்தார்கள். 10 மில்லிமீற்றருக்கு மேல் நனைய வேண்டியது, எனக்கு 4. பிறகு கண்ணீர் வடியும் துளையில் அரிசி நுனியளவு அடைப்பான் வைத்தார்கள். வலியில்லை. நாளுக்கு எட்டுத் தரம் விட்ட மருந்து மூன்று தரமானது அதனால்தான்.

இரவில் சூடான துணி ஒத்தடமும், ஃபேனைக் கால்பக்கம் திருப்பியதும் உதவின. மீன் எண்ணெய் மாத்திரை மூன்று மாதம் விழுங்கியது வீண். 2018இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் அது ஒலிவ் எண்ணெயைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று பிறகு வாசித்தேன்.

இப்போது கச்சான் காலத்தில் மட்டும், பக்கம் மூடிய கண்ணாடி போட்டுத்தான் ஸ்கூட்டி ஓட்டுகிறேன். ஆம், கண்ணாடி! செய்யப்போகிறவர்கள் அந்தத் தாள் பரிசோதனையைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்டுச் செய்யுங்கள். எனக்கு யாரும் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.