ஃபியர் அண்ட் ஹங்கரா, டார்க்கஸ்ட் டன்ஜனா? எதில் பயம் அதிகம்?

முறை வைத்து அடித்துக்கொள்ளும் கேமில் எப்படிப் பயம் வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நம் முறை முடியும்வரை எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், வேண்டிய மட்டும் யோசிக்கலாம், அப்புறம் என்ன பயம்? இந்த இரண்டையும் ஆடியவர்களுக்குத் தெரியும், யோசிக்க நேரம் கிடைப்பதுதான் கொடுமையே. எது பறிபோகலாம் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் பட்டனை அழுத்துகிறோம்.

டார்க்கஸ்ட் டன்ஜன் கனடாவின் ரெட் ஹூக் ஸ்டூடியோஸ் செய்தது. 2016 ஜனவரியில் முழு வடிவில் வந்தது. நான்கு பேரை வரிசையாக நிறுத்தி, தீப்பந்தமும் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் நிலவறைக்குள் அனுப்புகிறோம். உயிர்ப்புள்ளியோடு மன அழுத்தத்துக்கும் தனிக் கணக்கு ஓடும். அது 100-ஐத் தொட்டால் பெரும்பாலும் ஆள் உடைந்துவிடுவான். ஒருவன் எல்லோரையும் சந்தேகப்படுவான், இன்னொருவன் கூட வந்தவர்களையே திட்டித் தீர்ப்பான். அபூர்வமாக ஒருவன் அந்த நேரத்தில்தான் நிமிர்ந்து நிற்பான். 200-ஐத் தொட்டால் மாரடைப்பு. கேம் தானாகவே சேவ் ஆகிக்கொண்டே இருப்பதால், செத்தவன் செத்தவன்தான்.

ஆனாலும் இதில் என் பயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கிராமத்துக்குத் திரும்பினால் வண்டியில் புது ஆட்கள் வந்து இறங்கியிருப்பார்கள், அதுவும் இலவசமாக. பல வாரம் வளர்த்த வைத்தியப் பெண் போனால் வலிக்கும், ஆனால் இன்னொருத்தியை வளர்க்கலாம். நாம் அங்கே எசமான்தான், நிலவறைக்குள் இறங்குவது மற்றவர்கள்.

ஃபியர் அண்ட் ஹங்கரில் இறங்குவது நாமே. பின்லாந்தைச் சேர்ந்த மிரோ ஹாவெரினென் ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்து 2018 டிசம்பரில் வெளியிட்டார். கூலிப்படை வீரன், பெண் வீராங்கனை, இருள் பூசாரி, வடக்கிலிருந்து வந்த அந்நியன் ஆகிய நால்வரில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு நிலவறைக்குள் நுழைய வேண்டும். சண்டையில் எதிரியின் தலை, உடல், கை, கால் என்று எதைத் தாக்குவது என்று நாம் குறிவைக்கலாம். நம் உடம்புக்கும் அதே விதிதான். ஒரு கை போனால் இரண்டு கையால் பிடிக்கும் ஆயுதம் கிடையாது. கால்கள் போனால் தவழ வேண்டியதுதான். காயத்தில் சீழ் பிடித்து, மூலிகையும் இல்லையென்றால், எலும்பு ரம்பத்தை எடுத்து நாமே அந்தக் கையை அறுக்க வேண்டிவரும். அந்த மெனுவின் முன் நான் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மேலே பசி வேறு, சித்தம் கலங்குவது வேறு. முக்கியமான கட்டங்களில் பூவா தலையா போடச் சொல்லும். தோற்றால் உயிரே போகலாம். பல இடங்களில் படுத்துத் தூங்கி சேவ் செய்யவும் அதே பூவா தலையாதான். சண்டையில் ஜெயித்தாலும் பலத்தைக் கூட்டும் அனுபவப் புள்ளி கிடையாது, அதனால் தவிர்த்த சண்டைதான் நல்ல சண்டை. பெட்டிகளில் கிடைக்கும் பொருள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒவ்வொரு சாவிலும் கைக்கு மிஞ்சுவது எந்தக் கதவைத் தொடக்கூடாது என்ற அறிவு மட்டும்தான். சேர்ந்த பொருளோ பலமோ எதுவும் அடுத்த ஆட்டத்துக்கு வராததால்தான் இங்கே பயம் குறையவே மாட்டேன் என்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதில் பாலியல் வன்முறை வெளிப்படையாக வருகிறது. அதைத் தாங்க முடியாதவர்கள் விலகிக்கொள்வதில் தப்பே இல்லை. டார்க்கஸ்ட் டன்ஜன் போதுமான அளவு கடினம்தான்.

இரண்டுமே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபிரான்சிஸ் கூலோம்ப் செய்து 2025 மார்ச்சில் வந்த லுக் அவுட்சைட் இருக்கிறது. ஜன்னல் வழியே வெளியே பார்த்தவர்களெல்லாம் உருமாறிப்போன ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் 15 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். கதவைத் தட்டுபவர்களை உள்ளே விடுவதா என்ற யோசனையே நல்ல திகில். சமைப்பது, குளிப்பது, வீட்டில் தங்கவைத்தவர்களோடு பழகுவது என்று மூச்சுவிட இடம் தருவதால் புதியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

சரி, ஃபியர் அண்ட் ஹங்கரில்தான் இறங்குவேன் என்றால் முதல் காவலாளியிடம் தலையைக் குறிவைக்காதீர்கள். வெட்டுக்கத்தி பிடித்திருக்கும் கையை முதலில் வெட்டுங்கள்.