ஒரே ஒரு பெயரைத் தேடி: நியூயார்க் செப்டம்பர் 11 நினைவகமும் அருங்காட்சியகமும்

உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்தில் இப்போதுள்ள நினைவகத்துக்கு, 2001 செப்டம்பர் 11 தாக்குதலில், தவழும் வயதில் தந்தையை இழந்த ஓர் இளைஞருடன் சென்றிருந்தேன். ஆகவே கோபுரங்கள் நின்ற தடத்தில் அமைந்த இரு குளங்களில் விழும் அருவிகளின் பிரம்மாண்டத்தைவிட, குளங்களைச் சுற்றியுள்ள வெண்கலப் பலகைகளில் உயிரிழந்தோரின் 2,983 பெயர்களுக்கு நடுவே இளம் வயதிலேயே போய்விட்ட ஓர் அப்பாவை இந்த இடம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதையே கவனித்தேன்.

பெயர்கள் அகர வரிசையில் இல்லாததால் தேடி அலைய நேருமோ என்று அஞ்ச வேண்டாம். வளாகத்துத் தொடுதிரையில் பெயரை இட்டால் எந்தக் குளம், எத்தனையாவது பலகை என்று காட்டிவிடும். சேர்ந்து வேலை பார்த்தவர்களும் நண்பர்களும் உறவினர்களும் அருகருகே அமையும்படி, குடும்பங்கள் விடுத்த சுமார் 1,200 வேண்டுகோள்களுக்கு ஏற்ப இப்பெயர்களை அடுக்கியிருக்கிறார்கள். அப்பாவை நேரில் அறியாத பிள்ளைக்கு, அவர் யாரோடு பழகினார் என்பதையும் அந்த வரிசையே ஓரளவு சொல்லிவிடுகிறது. வெண்கலத்தில் எழுத்துகளை முழுவதும் ஊடுருவ வெட்டியிருப்பதால் விரல் நுனி அதற்குள் இறங்கும். அவரவர் பிறந்தநாளில் வைக்கப்படும் வெள்ளை ரோஜாவின் காம்பும் அந்த வெட்டில்தான் செருகப்படுகிறது. இறந்த நாளை உலகமே அறியும்போது, பிறந்த நாளைத் தனித்தனியே மறவாமல் போற்றும் இந்த வழக்கத்தையே இங்குள்ள அனைத்திலும் உயர்ந்ததாக நான் மதிக்கிறேன். நியூயார்க்கில் உயிரிழந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேரின் எச்சங்கள் இன்னும் அடையாளம் காணப்படாத நிலையில், பல பிள்ளைகளுக்குச் சென்று நிற்க இந்தப் பலகையை விட்டால் வேறிடம் இல்லை.

2014இல் நிலத்தடியில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், உயிரிழந்தோரின் முகப்படங்கள் சுவர் முழுக்க நிறைந்த கூடத்துக்கு முதலில் செல்லுங்கள். அதன் உள்ளறையில் குடும்பத்தினர் தங்களவரைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகள் ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்கையில் பலியானோர் பட்டியல் மறைந்து, பிடித்த பாட்டும் விளையாட்டும் கொண்ட மனிதர் ஒருவர் தெரிய வருகிறார். அன்றைய நிகழ்வுகளை விவரிக்கும் வரலாற்றுப் பகுதி மிகவும் கனமானது. சிறு குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம், நெருங்கியவரை இழந்தவர்களும் அதைத் தவிர்த்துவிடலாம். உள்ளே நினைவுப்பொருள் கடை வைத்ததைச் சில குடும்பங்கள் தொடக்கத்திலேயே எதிர்த்தன, என் மனமும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

குளங்களைக் காணக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்கு உண்டு, உயிரிழந்தோரின் குடும்பத்தினருக்கு விலக்கு அளிக்கிறார்கள்.