மூணாறு: பன்னிரண்டு மாதமும் போகலாம், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி

மூணாறுக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் டிசம்பர், ஜனவரி என்று சட்டென்று பதில் வரும். அந்த இரண்டு மாதமும் மாட்டுப்பட்டி ரோட்டில் வண்டி நகராமல் நிற்பதற்கு இந்தப் பதில்தான் காரணம். தேனி, போடி, உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வருடம் முழுக்கப் போய்வரக்கூடிய மலை. கொடைக்கானலைவிட இதைத்தான் பரிந்துரைப்போம். மாதத்துக்குத் தகுந்தபடி தங்கும் ஊரை மாற்றிக்கொண்டால் போதும்.

இந்த மலைக்கு மழை இரண்டு திசையிலிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனமுடித் தொடரில் மோதி மூணாறு, பள்ளிவாசல் பக்கம் கொட்டித் தீர்க்கும். ஆனமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம். அதைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. அதனால் மூணாறில் குடை பிடித்தும் நனைகிற அதே நாளில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மறையூரில் சாரல்தான் இருக்கும், பல நாள் வெயிலே அடிக்கும். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை தேனிப் பக்கமிருந்து ஏறி வந்து டாப் ஸ்டேஷன், போடிமெட்டு, மறையூர், சின்னாறு எல்லாவற்றையும் நனைக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஆடி மாதத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மறையூரிலோ காந்தலூரிலோ அறை எடுங்கள். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக ஏறினால் மூணாறைத் தொடாமலே வந்துவிடலாம். ஒன்றே ஒன்று கவனம்: அது புலிகள் காப்பகச் சாலை, மாலை ஆறு மணிக்குச் செக்போஸ்ட் மூடிவிடுவார்கள், மறுபடி காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். உடுமலையில் சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பினால் திரும்பி உடுமலைக்கே போக வேண்டியதுதான். மறையூரில் சாலையோரம் வேலி போட்ட சந்தனக்காடு, பாறை மேல் முனியறைகள் என்கிற பெருங்கற்காலக் கல்லறைகள், கரும்பு காய்ச்சும் கொட்டகைகள். காந்தலூரில் ஜூலை, ஆகஸ்டில் மரத்திலேயே ஆப்பிள் பார்க்கலாம். காஷ்மீர் ஆப்பிள் மாதிரி எதிர்பார்க்காதீர்கள், சின்னதாக, புளிப்பு கலந்துதான் இருக்கும்.

இல்லை, மழையில்தான் மூணாறு என்று பிடிவாதமாக இருப்பவர்கள் மூன்று விஷயம் கேட்டுவிட்டு அறை பதிவு செய்யட்டும். வெந்நீர் சோலாரிலா, கீசரிலா? வாரக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காத மாதத்தில் சோலார் வெறும் பச்சைத் தண்ணீர்தான் தரும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் லைட்டுக்கு மட்டுமா, கீசருக்கும் சேர்த்தா? மூன்றாவது, அறைக்குள் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா? மலைச் சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய கட்டடங்களில் பின்பக்கச் சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்தப் பக்கத்து அறையில் மெத்தை, போர்வை எல்லாம் பூஞ்சை நாற்றம் அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு ராத்திரி போதும். ரோட்டுப் பக்கத்து அறையோ மேல்மாடியோ கேட்டு வாங்குங்கள்.

பெயரில் மூணாறு இருக்கிற விடுதியெல்லாம் மூணாறில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனச்சால் பக்கம் பதினைந்து கிலோமீட்டர் கீழே இருக்கும், குளிரும் அவ்வளவு இராது. ‘டீ வியூ’ அறையென்றால் எதிரே இருக்கும் தேயிலைக் காடு கவாத்து செய்ததா என்று கேளுங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை முட்டிக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் வெறும் குச்சிதான் நிற்கும், ஜன்னலைத் திறந்தால் சுடுகாடு மாதிரி இருக்கும்.

இடுக்கி மாவட்டத்துக்கு வானிலைத் துறை விடும் அலர்ட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல், ரெட் என்றால் 204.4க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். போடியிலிருந்து ஏறுபவர்களுக்கு ஆபத்தான இடம் தேவிகுளத்தை ஒட்டிய கேப் ரோடு. தேசிய நெடுஞ்சாலை 85ஐ அகலப்படுத்தச் செங்குத்தாகப் பாறையை வெட்டிய பிறகு 2019, 2020 இரண்டு வருடமும் பெரிய சரிவுகள் வந்தன. பலத்த மழை நாளில் அங்கே இரவுப் பயணத்தை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடும். அடைத்திருந்தால் பூப்பாறையிலிருந்து ராஜாக்காடு, குஞ்சித்தண்ணி, ஆனச்சால் வழியாகச் சுற்ற வேண்டும். நேரம் நன்றாகவே கூடும், வயிற்றைப் பிரட்டும் வளைவுகளும் கூடும்.

அட்டை: ஜூனிலிருந்து நவம்பர் வரை சோலைக்காட்டிலும் ஏலத்தோட்டத்திலும் உண்டு. முழங்கால் வரை வரும் துணியுறை மாட்டி, அதன் மேல் உப்பையும் புகையிலைத் தூளையும் நனைத்துத் தேய்த்தால் ஏறாது. கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தில் தள்ளி எடுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் கடிவாய் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டுதான் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

குளிர்காலத்துக்கு வருவோம். உறைபனி பார்க்க வேண்டும் என்று வந்து வியூ பாயின்டில் நின்றுவிட்டு ஏமாந்து போகிறவர்கள் ஏராளம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை சூட்டை இழக்கும்போது கனத்த குளிர்காற்று சரிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே பனி உறைவது மலை உச்சியில் இல்லை, ஓடைக்கரைப் புல்லிலும் பள்ளத்துத் தேயிலையிலும்தான். செண்டுவாரை, லட்சுமி, குண்டளை பக்கத்து எஸ்டேட்களில் ஜனவரியில் பூஜ்யத்தைத் தொடும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். முந்தின நாள் மாலை வானம் மூடியிருந்தால் மறுநாள் சீக்கிரம் எழ வேண்டாம், உறையாது. வானம் பளிச்சென்று இருந்தால் ஆறரைக்குள் அங்கே இருங்கள், வெயில் ஏறி எட்டு மணிக்கெல்லாம் கரைந்துவிடும். படம் எடுப்பவர்களுக்கு அழகு, தோட்டக்காரர்களுக்கு நஷ்டம்: உறைந்த கொழுந்தில் வெயில் பட்டதும் கருகிப்போகும். காடு தோட்டத்தாருடையது, ரோட்டிலிருந்து பார்த்தால் போதும், செடிகளுக்குள் நுழையாதீர்கள்.

டாப் ஸ்டேஷனும் கொழுக்குமலையும் மழை ஓய்ந்த பிறகு, அதாவது நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை, மேகம் காலுக்குக் கீழே கிடக்கும் இடங்கள். இரண்டுமே தேனி மாவட்டம், இரண்டுக்கும் வண்டிப்பாதை கேரளத்தின் வழியாகத்தான். டாப் ஸ்டேஷனுக்குக் காலை பத்துக்குள் போய்விட வேண்டும், பிறகு கீழிருந்து மூட்டம் ஏறிக் கண்ணை மறைத்துவிடும். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் மட்டும்தான், சொந்தக் கார் ஏறாது. சூரிய உதயம் வேண்டுமானால் நான்கரைக்குள் கிளம்பியாக வேண்டும். பாதை முழுக்கப் பெயர்ந்த கல். பின் ஸீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் தவிர்த்துவிடுங்கள். உச்சியில் இருக்கும் பழைய தொழிற்சாலையில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை, அதாவது தூளாக்காமல் இலையாகச் சுருட்டிச் செய்தது, கிடைக்கும், பால் ஊற்றாமல் குடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மேப்பை நம்பி டாப் ஸ்டேஷனிலிருந்து நேரே போடிக்கு இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒருகாலத்தில் தேயிலைப் பெட்டி அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கியது. மூணாறிலிருந்து அங்கே ரயில்கூட ஓடியது, 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு இருப்பது நடைபாதைதான். குரங்கணி வழியாக நடக்க ஆசைப்பட்டால் தமிழக வனத்துறை 2024இல் தொடங்கிய இணையப் பதிவில் குரங்கணி–சாம்பலாறு பாதைக்கு அனுமதி வாங்குங்கள். கோடையில் மூடியிருக்கும். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் 23 பேரைப் பறிகொடுத்த மலை அது, வழிகாட்டி இல்லாமல் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் கூட்டம் குறைவு, வாடகையும் இறங்கும். ஆனால் வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள், பெரும்பாலும் ஏப்ரல் 1 வாக்கில்தான் திறக்கும். வரையாடு பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் இந்த இரண்டு மாதமும் வேண்டாம். ஏப்ரல், மே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதியம் வெயில், மாலை இடிமழை, எங்கும் கூட்டம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இருக்கிற இ-பாஸ் தொல்லை இங்கே இல்லை என்பது ஒரு வசதி. குறிஞ்சிக்காக வருகிறவர்கள் 2030 வரை பொறுக்க வேண்டும், போனமுறை பூத்தது 2018இல்.

போக்குவரத்து: சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூன் முதல் வாரம் மூன்று நாள் ரயில் வருகிறது, அங்கிருந்து மூணாறு சுமார் 68 கிலோமீட்டர். முந்தல் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதியில் கருகல் வாடை வரும், அப்போது தண்ணீர் ஊற்றாமல் இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். டி போர்டு வண்டிக்குக் கேரள வரி கட்டிய ரசீது கையில் இருக்கட்டும், ஓன் போர்டுக்குத் தேவையில்லை. சின்னக்கானல், ஆனையிறங்கல், மாட்டுப்பட்டி ரோடுகளில் மாலை ஆறுக்கு மேல் ஓட்டாதீர்கள். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023இல் பிடித்துக்கொண்டு போனாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், லைட்டைத் தாழ்த்தி, அது விலகும்வரை காத்திருங்கள்.

பாஷை பிரச்சினையே கிடையாது. கடை, ஜீப் ஸ்டாண்ட், லயம் எல்லாவற்றிலும் தமிழ்தான். கையில் காசு குறைவு என்றால் மூணாறு டிப்போவில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய பஸ்ஸைப் படுக்கை அறையாக மாற்றி 2020 முதல் வாடகைக்கு விடுகிறது. ஒரு ராத்திரி தலை சாய்க்கப் போதும், குடும்பத்தோடு என்றால் வேண்டாம்.

மறையூர் வெல்லம் வாங்குகிறவர்கள் கொட்டகையிலேயே வாங்குங்கள். உண்மையான சரக்கு கரும்பழுப்பாக, கையால் உருட்டியது என்பதால் விரல் தடத்தோடு இருக்கும், உப்புக் கரிக்காது. மஞ்சளாகப் பளபளவென்று ஒரே அளவில் அடுக்கியிருந்தால் அது கீழேயிருந்து மேலே ஏறி வந்த சரக்கு.