ரிக்வெஸ்ட் ஹிட்டா, பைட் ஹிட்டா? ஸ்க்விட் காட்டும் இரண்டு சதவீதங்கள்

பயனர்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, ஒருமுறை வந்ததைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துத் திரும்பக் கொடுக்கும் மென்பொருள் ஸ்க்விட் ப்ராக்ஸி. அதன் நிலவரத்தைக் காட்டும் கேஷ் மேனேஜரில் இன்ஃபோ பக்கத்தைத் திறந்தால், ஹிட் (கேஷிலிருந்தே பதில் போவது) பற்றி இரண்டு சதவீதங்கள் அடுத்தடுத்து இருக்கும். வந்த ரிக்வெஸ்ட்டுகளில் எத்தனைக்குக் கேஷிலிருந்தே பதில் போனது என்பது ஒன்று. அனுப்பிய பைட்டுகளில் எவ்வளவை வெளியிலிருந்து இழுக்காமல் மிச்சம் பிடித்தோம் என்பது மற்றது. ரிப்போர்ட்டில் முதல் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, "அப்புறம் ஏன் இணைய லைன் நிரம்பி வழிகிறது?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

100 ரிக்வெஸ்ட் வருகிறது என்று வையுங்கள். 99 சின்னப் படங்கள், தலா 10 கேபி, எல்லாம் ஹிட். மீதி ஒன்று 99 எம்பி ஃபைல், அது மிஸ் (கேஷில் இல்லை). ரிக்வெஸ்ட் ஹிட் 99%. பைட் ஹிட் வெறும் 1% அளவுதான். இரண்டும் உண்மைதான். பக்கம் சட்டென்று திறக்கிறதா என்றால் முதல் எண்ணைப் பாருங்கள். லைன் மிச்சமாகிறதா என்றால் இரண்டாவதை. அலுவலகம், ஆய்வகம் போன்ற இடங்களில் நான் முதலில் பார்ப்பது பைட் ஹிட்டைத்தான். அங்கே இழுபறி பெரும்பாலும் லைனுக்காகத்தான்.

ரிக்வெஸ்ட் ஹிட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆக்சஸ் லாகில் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் பதிவாகும் ஃபைலில்) டிசிபி_மெம்_ஹிட் என்றால் பதில் நினைவகத்திலிருந்தே போய்விட்டது. டிசிபி_ரெஃப்ரெஷ்_அன்மாடிஃபைட் என்றால், "மாறியிருக்கிறதா?" என்று மூல சர்வரிடம் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வந்துதான் கொடுத்திருக்கிறது. பைட் மிச்சம், காத்திருப்பு மிச்சமில்லை. லாகிலிருந்து நீங்களே கணக்கிட்டால், டிசிபி_டினைட் (அனுமதி மறுத்த) வரிகளையும் ஹெச்டிடிபிஎஸ் கனெக்ட் வரிகளையும் முதலில் கழித்துவிடுங்கள். மறைகுறியாக்கப்பட்டுக் கடந்து போவதைக் கேஷ் செய்யவே வழியில்லை. இன்றைக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு அதுதான் என்பதால், கழிக்காவிட்டால் விகிதம் அதலபாதாளத்தில் தெரியும்.

எந்த எண்ணை உயர்த்த வேண்டும் என்பதைப் பொறுத்து, கேஷ் நிரம்பினால் எதை வெளியேற்றுவது என்ற கொள்கையும் மாறும். இயல்பாக இருப்பது எல்ஆர்யூ: நெடுநேரம் கேட்கப்படாததை முதலில் வெளியேற்றும். ஹீப் ஜிடிஎஸ்எஃப், அடிக்கடி கேட்கப்படும் சின்ன ஃபைல்களைக் காப்பாற்றும். ரிக்வெஸ்ட் ஹிட் ஏறும். ஹீப் எல்எஃப்யூடிஏ, அளவைப் பார்க்காமல் அதிகம் கேட்கப்படுவதை வைத்துக்கொள்ளும். பைட் ஹிட் ஏறும். டெபியன் ஓடும் 40 கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக 60 எம்பி பொதி ஒன்றைச் சாதாரண ஹெச்டிடிபி வழியே இறக்கினால், முதல் முறை தவிர மீதி 39 முறையும் கேஷிலிருந்தே போகலாம்: 2,340 எம்பி மிச்சம். ஆனால் மேக்ஸிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ் (டிஸ்க்கில் வைக்கும் ஒரு ஃபைலின் உச்ச அளவு) இயல்பாக 4 எம்பிதான். அதை உயர்த்தாமல் எல்எஃப்யூடிஏ போட்டால் அந்தப் பொதி டிஸ்க்கில் ஏறவே ஏறாது. ஸ்க்விட்டின் அமைப்பு ஃபைலில், கொள்கை வரியையும் அளவு வரியையும் கேஷ்_டிர் (டிஸ்க்கில் கேஷ் இருக்கும் இடம்) வரிக்கு மேலேயே எழுதுங்கள். கீழே எழுதினால் கொள்கை அந்தக் கேஷ்_டிருக்குப் பொருந்தாது.

பைட் ஹிட் மைனஸில் தெரிந்தால் மிரள வேண்டாம். பயனருக்குக் கொடுத்ததைவிட அதிகமாக ஸ்க்விட் வெளியிலிருந்து இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். பாதியில் கைவிட்ட டவுன்லோடை அது கடைசிவரை இழுத்து முடித்திருக்கலாம். அல்லது ஃபைலின் ஒரு துண்டைக் கேட்டதற்கு முழு ஃபைலையும் கொண்டுவந்திருக்கலாம். முதலில் இவற்றைத் தீர்மானிக்கும் க்விக்_அபார்ட், ரேஞ்ச்_ஆஃப்செட்_லிமிட் அமைப்புகள் இரண்டையும் பாருங்கள்.